பக்கத்து இலை யாருடையது?

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 11:17-34, கலாத்தியர் 2:11-14, யோவான் 4:1-42



அறுப்பின் பண்டிகையும் அதையொட்டிய அசனமும் நம் சபைகளில் நெருங்கி வருகின்றன. எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிலோ இறைச்சி, பந்தல் யார், பாத்திரம் எங்கே என்று கமிட்டிகள் கூடிப் பேசும் காலம் இது. அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் எழாத ஒரு கேள்வியை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அசனத்தில் நம் பக்கத்து இலையில் அமர்ந்து உண்பவர் யார்?

இக்கேள்வியை ஆலயத்திலிருந்து தொடங்காமல் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து தொடங்குகிறேன். கோபி, பெருந்துறை, அவிநாசி, பொள்ளாச்சி, தாராபுரம் என எந்த ஊருக்குப் போனாலும் பேருந்து நிலையத்தை ஒட்டியோ சந்தைக்கு எதிரிலோ ஒரு மெஸ் இருக்கும். பெயர்ப் பலகை மங்கியிருக்கும். கூட்டம் மட்டும் குறையாது. வாழையிலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தவுடன் சோறு விழும். ஒரு நாள் அரிசியும் பருப்புஞ் சோறு, ஒரு நாள் கொள்ளுப் பருப்பு, ஒரு நாள் பச்சைப்புளி ரசம், ஞாயிறென்றால் பள்ளிபாளையம் கோழி வறுவல். மஞ்சள் மூட்டையோடு மண்டிக்கு வந்த விவசாயியும், இரவு ஷிப்ட் முடித்த விசைத்தறித் தொழிலாளியும், வங்கி மேலாளரும், லாரி ஓட்டுநரும் ஒரே பெஞ்சில் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். புதிதாக ஒருவர் வந்து நின்றால் கடைக்காரர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்ணா" என்பார். எல்லாரும் தள்ளி அமர்வார்கள். வந்தவர் யார், எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய மகன் என்று எவரும் விசாரிப்பதில்லை. இலை காலியாக இருக்கிறதா என்பதே அங்குள்ள ஒரே கேள்வி.

இதை நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். ஆனால் நம் தாத்தாமார் காலத்தில் இது சாதாரணமாக இருந்ததில்லை. தமிழகத்தின் உணவு விடுதிகளில் பிறப்பின்படி இடம் பிரிக்கப்பட்டிருந்தது. சிலருக்குத் தனி அறை, சிலருக்கு வாசலுக்கு வெளியே நிற்கும் இடம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் தன் 15-ஆம் பிரிவில், கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் நுழைவதிலும், பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்துவதிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரி, நம் ஈரோட்டில் பிறந்த பெரியார் ஈ.வெ.ரா.வின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியிருந்தது. கடவுள் மறுப்பாளர்கள் என்று நாம் ஒதுக்குகிறவர்கள் இந்தக் காரியத்தில் விலை கொடுத்தார்கள் என்பதை நாம் நேர்மையோடு ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம் கொங்கு மண்ணின் கதை இதைவிடக் கசப்பானது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு எவர்சில்வர் டம்ளர், தலித் மக்களுக்குத் தனியே வைக்கப்பட்ட வேறு டம்ளர் அல்லது கொட்டாங்குச்சி என்ற இரட்டைக் குவளை முறை, நம்மில் பலருடைய வாழ்நாளுக்குள்ளேயே கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் வழங்கி வந்தது. சில இடங்களில் சட்டத்துக்குப் பயந்து அந்தத் தனி டம்ளரை எடுத்துவிட்டு, குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் காகிதக் கோப்பை நீட்டினார்கள். டம்ளர் மாறியது, மனம் மாறவில்லை. 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதை ஊரார் சிலர் எதிர்த்தார்கள். அவர் இடமாற்றம் செய்யப்பட்டு, கண்டனம் எழுந்த பின்னரே மீண்டும் அங்கே பணியமர்த்தப்பட்டார். பிள்ளைகளின் தட்டில் விழும் சோற்றைக் கிளறிய கை யாருடையது என்பதே அங்கு சிக்கலாயிற்று.

பிரியமானவர்களே, இவற்றை வாசிக்கையில், "இது வெளியுலகத்தின் பாவம், சபைக்குள் இது இல்லை" என்று சொல்லிவிட நம் நாவு துடிக்கும். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார்; அங்கே உருவான ஆதித் தமிழ்ச் சபைகளிலேயே ஆலயத்துக்குள் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் நுழைந்துவிட்டது. திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் முன், பின் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் இந்த வேறுபாடுகள் முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அநேகர் எதிர்த்தார்கள். சபையை விட்டு விலகியவர்களும் உண்டு. நாம் இன்றும் நெஞ்சுருகப் பாடுகிற கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கூட அக்காலத்துச் சர்ச்சையில் சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக நின்றார். அவருடைய பக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆழ்ந்த பக்தியும் பந்தியில் பிரிவினையும் ஒரே இருதயத்தில் அடுத்தடுத்துக் குடியிருக்க முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அப்படியானால் நம் இருதயத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

அப்போஸ்தலனாகிய பேதுருவுக்கே இந்தச் சோதனை வந்தது. அந்தியோகியா சபையில் அவர் புறஜாதியாரோடு அமர்ந்து சாப்பிட்டு வந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். அவர் எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை, எவரையும் ஏசவில்லை, வேறு பந்திக்கு நகர்ந்தார், அவ்வளவே. பவுலோ எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்து நின்றார். சாப்பாட்டு இடம் மாறிய ஒரு சிறு காரியத்துக்கு இத்தனை கடுமை ஏன் என்று நமக்குத் தோன்றலாம். பவுலின் பார்வையில் அது சுவிசேஷத்தின் சத்தியத்திலிருந்தே வழுவிய நடை. கிருபையினாலே இரட்சிப்பு என்று பிரசங்கித்துவிட்டுப் பந்தியில் பிரிந்து அமர்ந்தால், அந்தப் பிரசங்கத்தை நம் இலையே பொய்யாக்கிவிடும்.

கொரிந்து சபையின் பிரச்சினை சற்று வேறு. அங்கே சபை வசதியுள்ளவர்களின் வீடுகளில் கூடியது. அக்காலத்து ரோம வீடுகளின் சாப்பாட்டு அறையில் ஏறத்தாழ ஒன்பது பேர் சாய்ந்து அமரலாம், மற்றவர்களுக்கு முற்றந்தான். வேலை முடிந்த பிறகே வர முடிந்த கூலியாட்களும் அடிமைகளும் வந்து சேர்வதற்குள் முன்னே வந்தவர்கள் உண்டு முடித்திருப்பார்கள் என்று வேத அறிஞர் பலர் இப்பகுதியை விளக்குகிறார்கள். ஒருவன் பசியோடிருக்க, இன்னொருவன் வெறித்திருக்கிறான். இப்படிக் கூடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் தீர்த்துச் சொல்லுகிறார். அவர் கொடுத்த தீர்வு மிக எளியது: கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இந்தத் தீர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோவை ஆலாந்துறைக்கு அருகிலுள்ள வடிவேலம்பாளையம் நினைவுக்கு வரும். அவ்வூரின் கமலாத்தாள் பாட்டியை நீங்கள் அறிவீர்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி விற்ற அவரைப் பற்றி 2019-இல் நாடெங்கும் செய்தி பரவியது. அப்போது அவருக்கு வயது 80-ஐ ஒட்டி. அதிகாலையில் எழுந்து, ஆட்டுக்கல்லில் அரைத்த மாவை விறகடுப்பில் வேகவைத்து, சாம்பாரோடும் சட்னியோடும் இலையில் வைத்துக் கொடுத்தார். 2020-இல் ஊரடங்கு வந்து விலைவாசி ஏறியபோதும் அவர் விலையை ஏற்றவில்லை. 2022-இல் அன்னையர் தினத்தன்று மகிந்திரா நிறுவனத்தார் அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். செய்தித்தாள்கள் அந்த ஒரு ரூபாயைக் கொண்டாடின. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவர் அடுப்புப் பற்றவைத்த நேரம். காலையில் கூலி வேலைக்குப் போகிறவன் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பதை மனத்தில் கொண்டு அந்தக் கடை நடந்தது. கொரிந்துவின் செல்வந்தர்கள் தங்கள் வசதிக்கு ஏற்ற நேரத்தில் உண்டார்கள். இந்தப் பாட்டி உழைப்பாளியின் நேரத்துக்கு ஏற்பத் தன் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டார். பவுல் கட்டளையிட்ட காத்திருத்தலை, அவருடைய நிருபத்தை வாசிக்கும் நாமே மறந்திருக்க, ஒரு சிற்றூர் இட்லிக் கடையில் அது நாள்தோறும் நடந்தது.

இனி நம் அசனங்களுக்கு வருவோம். எந்த ஒரு சபையையும் மனத்தில் வைத்து நான் எழுதவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பொது வழக்கத்தையே சொல்கிறேன். பந்தலில் நீண்ட வரிசை வெயிலில் நிற்கும். அருகில் ஒரு வகுப்பறையில் மின்விசிறிக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்த மேசை இருக்கும். அங்கே ஆயர்மார், கமிட்டியார், பெருந்தொகை நன்கொடையாளர், வெளியூர் விருந்தாளிகள். அந்த மேசைக்கு இறைச்சித் துண்டு பார்த்து எடுத்து வரப்படும். வெளியே மூன்றாம் பந்தியில் குழம்பு மட்டும் மிஞ்சும். அந்த மூன்றாம் பந்தியில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஞாயிறு காலையிலும் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு ஓடி வந்த சகோதரி, மில்லில் ஷிப்ட் முடித்து வந்த வாலிபன், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் திருப்பூர்ப் பக்கம் பிழைக்க வந்து நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் மொழி புரியாமல் அமரும் விசுவாசிகள். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்தியவனுக்குக் காலடியும் காட்டுகிற சபையை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்தாரே, அவர் இந்த வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் என்ன எழுதுவார்?

இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுபவற்றையும் நிதானமாகக் கேட்போம். "மெஸ்ஸில் காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம், அது வியாபாரம், அதில் அன்பு எங்கே?" என்பர். உண்மைதான். காசு இல்லாதவன் அங்கும் வாசலோடு திரும்ப வேண்டியதே. ஆகவே மெஸ்ஸைப் பரலோகமாக்க நான் முயலவில்லை. ஆனால் வெறும் வியாபாரமும் நாட்டின் சட்டமும் சேர்ந்து நான்கு பேரை ஒரே பெஞ்சில் அமர்த்த முடியுமானால், சிலுவையின் இரத்தத்தினால் ஒன்றாக்கப்பட்டோம் என்று அறிக்கையிடுகிற நாம் அதற்குக் கீழாக நிற்பது எப்படித் தகும்?

"விருந்தாளியைத் தனியே உபசரிப்பது தமிழர் பண்பாடு" என்றும் சொல்வர். நல்ல பண்பாடுதான். ஆனால் அசனத்தில் விருந்தளிப்பவர் யார்? அரிசி மூட்டை கொடுத்தவரோ, ஆயரோ, கமிட்டியோ அல்லர். அவர்கள் எல்லாரும் கர்த்தருடைய கையிலிருந்து பெற்றதையே படைக்கிறார்கள். அங்கே வீட்டுக்காரர் ஒருவரே. மற்ற யாவரும் விருந்தாளிகள். விருந்து செய்யும்போது திரும்ப அழைக்கக்கூடியவர்களை அல்ல, திரும்பச் செய்ய வகையற்றவர்களை அழையுங்கள் என்று லூக்கா 14-இல் அவரே ஒழுங்கு கற்பித்திருக்கிறார்.

"முதியோர் வெயிலில் நிற்கலாமா?" என்பது மூன்றாவது கேள்வி. நிற்கக்கூடாது. நாற்காலியும் நிழலும் அவர்களுக்கே முதலில். ஆனால் அந்த நாற்காலி வயதையும் பெலவீனத்தையும் பார்த்துத் தரப்படட்டும். பதவியைப் பார்த்து அல்ல. துப்புரவுப் பணியில் முதுகு வளைந்த தாத்தாவுக்கும் அந்த மின்விசிறிக் காற்று போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதுவே கடினமானது. ஏழைக்குச் சோறு போடுவது நமக்கு எளிது. கிறிஸ்துமஸ் காலத்தில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். அவர் வீட்டுச் சோற்றை நாம் உண்பது அத்தனை எளிதாக இருப்பதில்லை. "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சிரித்தபடி மறுக்கிறோம். கொடுக்கும் கை எப்போதும் மேலே இருக்கிறது. வாங்கும்போதுதான் அது தாழ்கிறது. திருமலைக்கவுண்டன்பாளையத்தில் எதிர்த்தவர்களும், அந்தச் சமையலர் பசியோடு வந்து நின்றிருந்தால் ஒருவேளை சோறு கொடுத்திருப்பார்கள். அவர் கையால் வாங்குவதுதான் அவர்களுக்குக் கூடவில்லை.

நம் ஆண்டவர் யாக்கோபின் கிணற்றருகே செய்ததைக் கவனியுங்கள். நடுப்பகல், அவர் களைத்திருந்தார், மொண்டுகொள்ளப் பாத்திரமும் அவரிடம் இல்லை. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அப்படியானால் அவளுடைய பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும். யூதரும் சமாரியரும் ஒட்டுறவு கொள்ளாத காலத்தில் அந்த வேண்டுகோள் எத்தனை அதிர்ச்சி தந்தது என்பது அவள் கேட்ட கேள்வியிலேயே தெரிகிறது. ஜீவத்தண்ணீரைக் கொடுக்க வந்தவர் முதலில் அவளிடம் தண்ணீர் கேட்கிறவராக நின்றார். இரட்டைக் குவளைக்கு வேதாகமம் தரும் பதில் இதுவே. அந்த உரையாடலின் முடிவில், சமாரியர் வேண்டிக்கொண்டபடி அவர் இரண்டு நாள் அவர்கள் ஊரிலே தங்கினார். தங்கினார் என்றால் அவர்கள் சமைத்ததை உண்டார் என்பதை நாம் ஏன் பிரசங்கங்களில் சொல்லாமல் விடுகிறோம்?

ஆகவே இவ்வருட அசனத்தை முன்னிட்டு என் கருத்தை வெளிப்படையாக வைக்கிறேன். தனி மேசை வேண்டாம், ஆயருக்கும் வேண்டாம். பொறுப்பில் உள்ளவர்கள் முதல் பந்தியில் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் அமரட்டும். கடைசிப் பந்தியில் என்ன மிஞ்சுகிறது என்பது பொறுப்பாளர்களின் இலையில் தெரிந்தால், அடுத்த வருடம் அளவு தானாகச் சரியாகும். ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வந்து சேரும் வரை பந்தி தொடங்காதிருக்கட்டும். அரை மணி நேரப் பசி நம்மை ஒன்றும் செய்துவிடாது. சமையலை ஒரே கூட்டத்தார் ஆளாமல், எல்லாக் குடும்பங்களின் கைகளும் அந்த அண்டாவில் படட்டும். குடும்பமாக, உறவாக, ஒரே தெருவாகச் சேர்ந்து அமர்வதை அன்று ஒரு நாளாவது விட்டு, நாம் பெயர் அறியாத ஒருவரின் பக்கத்தில் இலை போட்டுக்கொள்வோம். அசனம் முடிந்த பிறகு, இதுவரை நாம் வாசற்படி ஏறாத ஒரு விசுவாசியின் வீட்டுக்குப் போவோம். அங்கே ஜெபம் பண்ணிவிட்டு அவசரமாகப் புறப்படாமல், அவர்கள் கொடுக்கும் தண்ணீரை அவர்கள் டம்ளரில் வாங்கிக் குடிப்போம். சோறு போட்டால் அமர்ந்து உண்போம்.

இதனால் சிலருக்கு மனவருத்தம் வரலாம். நன்கொடை குறையும் என்று எவரேனும் எச்சரிக்கலாம். குறையட்டும். பருப்பும் சோறும் மட்டும் போட்டாலும், எல்லாரும் ஒரே பந்தியில் உண்டால் அது கர்த்தருடைய அசனம். மூன்று வகை இறைச்சி இருந்தும் மூன்று வகைப் பந்தி இருந்தால், பவுல் கொரிந்துவுக்குச் சொன்ன வார்த்தை நமக்கும் பொருந்தும்.

நாம் திருவிருந்தில் முழங்காற்படியிடும்போது பக்கத்தில் முழங்காற்படியிடுகிறவரை நாம் தெரிந்தெடுப்பதில்லை. அதே அப்பம், அதே பாத்திரம். அந்த இரண்டு நிமிட ஒற்றுமை ஆலயத்தின் வாசலோடு முடிந்துவிடாமல் பந்தல் வரைக்கும், பந்தலிலிருந்து நம் வீட்டு அடுக்களை வரைக்கும் நீள வேண்டும் என்பதே இந்த வாரத்தின் என் வேண்டுதல்.

ஜெபிப்போம்: ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்த எங்கள் ஆண்டவரே, உமது பந்தியில் எங்களுக்கு இடம் தந்தீர், அதற்கு நாங்கள் பாத்திரரல்லர். எங்கள் பக்கத்தில் நீர் அமர்த்துகிறவரை மனமகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளவும், அவருக்காகக் காத்திருக்கவும், அவர் கையால் வாங்கி உண்ணவும் எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம், எங்கள் பரம பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.